குறட்டையில் ஒரு இடைவெளி

“தூங்கும்போது குறட்டை விடுவாளா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

ஆமாம் என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டியது. கேட்டது என்னிடம் என்பதால் முடியவில்லை.

லஸ் பக்கத்தில் ஒரு சந்துக்குள், மாடியில் இருக்கிறது அந்தக் கிளினிக். பல் வரிசையைச் சீர் செய்கிற டாக்டர். எங்கள் மந்தைவெளித் தெருவில் ‘கிளிப் டாக்டர்’ என்று சொன்னால்தான் புரியும். என் மகள் அபிக்கு அப்போது ஒன்பது வயது. மேல் பற்கள், காலை நேரத்து 29சி பஸ்ஸில் நிற்கிற ஜனம் மாதிரி, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. அதைக் காட்டத்தான் போயிருந்தோம். அபி சாய்வு நாற்காலியில் படுத்திருந்தாள். என் மனைவி கல்பனா அவள் கால்மாட்டில். நான் ஓரமாக, வாஷ்பேசின் பக்கத்தில்.

ஓர் அடி முன்னால் வந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். செய்து காட்டினேன்.

முதலில் மெதுவாக, கரகரவென்று ஆரம்பிக்கும். பிறகு, பாதி உளுந்து காலியான கிரைண்டர் மாதிரி மேலே ஏறும். நாலாவது ஏற்றத்தின் உச்சியில் சட்டென்று நிற்கும். சுத்தமான நிசப்தம். ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. அப்புறம் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட, “க்ர்ர்ஹக்!” என்று ஒரு வெடி.

அந்த வெடிக்குச் சிரிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. இருபது வருடமாகக் கல்யாண மேடைகளில் மைக் பிடிக்கிறவன். எங்கே சிரிப்பு வரும் என்று எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“நடுவுல நிறுத்தினீங்களே, அது நீங்களா சேர்த்ததா? இல்ல, அவ நிஜமாவே அப்படித்தான் பண்ணுவாளா?”

“ஒரிஜினல் டாக்டர். ஒரு துளி சேர்க்கலை.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றினார். மணிக்கட்டைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தார். “இன்னொரு தடவை பண்ணுங்க.”

பண்ணினேன். என் வாழ்க்கையில் ஒன்ஸ்மோர் கேட்டவர்கள் நிறைய பேர். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே கேட்டவர் அவர் ஒருவர்தான்.

“பதினொண்ணு” என்று சொல்லி, அபியின் அட்டையில் எழுதினார்.

பதினொரு செகண்ட். அபி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்பனா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவலையில்லாத மனிதர்கள்

இங்கே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன். போன வாரம் இதே தொடரில் ஸ்கூட்டர் கதைக்கு நடுவில் வெண்டைக்காய் எதற்கு வந்தது என்று திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த வாரமும் வரும்.

எங்கள் குடும்பத்தில் குறட்டை என்பது வியாதி கிடையாது. அது ஒரு சான்றிதழ்.

யோசித்துப் பாருங்கள். ஒருத்தன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்பதை நாம் எப்படிச் சொல்கிறோம்? “நல்லா குறட்டை விட்டுத் தூங்கறான்.” வீடு பற்றி எரிந்தாலும் கவலைப்படாதவனை என்ன சொல்லித் திட்டுகிறோம்? “குறட்டை விட்டுத் தூங்கறான் பாரு.” திட்டிலும் ஒரு பொறாமை இருக்கிறது. குறட்டை இருந்தால் தூக்கம் உண்டு, தூக்கம் உண்டென்றால் கவலை இல்லை. இதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு.

என் அப்பா ஞாயிற்றுக்கிழமை மதியம் குறட்டை விட்டால் மாடி வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்துவிடுவார். கோபத்தில் இல்லை, மரியாதையில். கல்யாணமான புதிதில் நான் மாமியார் வீட்டுக் கூடத்தில் மதியம் கண்ணயர்ந்ததைப் பார்த்துவிட்டு, மாமியார் கல்பனாவிடம் சொன்னாராம், மாப்பிள்ளைக்கு மனசில் கள்ளமில்லை, சத்தத்திலேயே தெரிகிறது என்று. அப்போது எனக்கு வேலை இல்லை. கள்ளம் வைக்கவும் வசதி வேண்டுமே.

அம்மாவின் தம்பி கோவிந்து மாமா இந்தக் கட்சிக்குத் தலைவர். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் முப்பது வருடம் நின்றவர். இன்றைக்கும் எதைச் சொன்னாலும் புடவையை விரித்துக் காட்டுகிற மாதிரி இரண்டு கையையும் அகட்டித்தான் சொல்வார். அபி கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். லேசாக ஒரு சத்தம் கேட்டது. இரண்டு கையையும் விரித்து, “நம்ம வம்சம்டா” என்றார்.

அபியின் மூக்குக்குப் பதில் எங்கள் பரம்பரையைத்தான் எல்லோரும் கவனித்தோம்.

என்னுடைய ஐட்டம்

பிழைப்புக்கு நான் செய்கிற வேலை டப்பிங். கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பெரும்பாலான நாள் இருப்பேன். கதாநாயகனுக்கு இல்லை, வில்லனுக்கும் இல்லை. வில்லனுக்குப் பின்னால் நிற்கிற மூன்றாவது ஆள் “டேய், புடிங்கடா அவனை” என்று கத்துகிறான் அல்லவா, அது நான். கூட்டத்தில் முனகல், இருமல், செத்து விழுகிறவனின் கடைசி மூச்சு, எல்லாம் உண்டு. முக்கியமாகக் குறட்டை. திரையில் எவனாவது தூங்கினால் எனக்கு போன் வரும்.

ஆரம்பத்தில் அப்பாவின் குறட்டையைத்தான் விற்றுக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு டைரக்டர், இது பழசாக இருக்கிறது, வேறு ஏதாவது தினுசு இருக்கிறதா என்று கேட்டார். வீட்டிலேயே புது தினுசு இருந்தது. அபிக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் சோபாவில் சுருண்டு தூங்குவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வித்துவான் வீட்டுக்குப் பாடம் கேட்கப் போனவன் மாதிரி, கேட்டுக் கேட்டு எடுத்தேன். ஏற்றம், இறக்கம், அந்த நிறுத்தம், கடைசியில் அந்த வெடி.

டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “அந்த கேப் இருக்கு பாருங்க, அதுதான் சார் காமெடி. அதை மட்டும் மாத்திடாதீங்க.”

மாற்றவில்லை. இரண்டு வருடம் ஒரு செகண்ட் கூட மாற்றவில்லை. சினிமாவில் விட்டேன், கல்யாண மேடையில் விட்டேன், சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் விட்டேன். “பாலு, அந்த அபி ஐட்டம் போடுடா” என்று கோவிந்து மாமா ஆரம்பித்து வைப்பார். நான் போடுவேன். கூட்டம் சிரிக்கும். அபியும் முதலில் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போக ஆரம்பித்தாள். நல்ல தாகம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அபியின் பெரியப்பா பெண்கள் லீவுக்கு அவர்களுடைய அடையாறு வீட்டில் வந்து தங்கச் சொன்னபோது அபி போகமாட்டேன் என்றாள். கேட்டால் காரணம் சொல்லவில்லை. அப்பாவை விட்டுப் பிரியமாட்டாள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, அதையும் நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

மலை, மலை, நேர்கோடு

கிளினிக்குக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை. கல்பனா வேலைக்குப் போயிருந்ததால் அபியை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போயிருந்தேன். டப்பிங் அறைக்குள்ளேயே ஒரு பழைய சோபா உண்டு. அபி அதில் படுத்தாள். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். நான் டீ குடிக்க வெளியே வந்தேன்.

எங்கள் சவுண்ட் இன்ஜினியர் சலீம் பாய். ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது, வெளியில் சுத்தமான மெட்ராஸ் பாஷை. சத்தம் விஷயத்தில் மட்டும் விளையாட மாட்டார். ஆள் இல்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு, அதையும் ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் தொழில் விதி. வசனத்துக்கு நடுவில் ஒட்டுப்போட அது தேவைப்படும். அதை எடுக்கத்தான் அன்றைக்கு மைக்கைத் திறந்தவர், வேறு வேலை வந்து அரை மணி நேரம் அப்படியே ஓட விட்டிருந்தார். உள்ளே அபி இருப்பது அவருக்குத் தெரியாது.

டீக்கடைக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி கிளாஸோடு உள்ளே போனேன். அவர் ஹெட்போனைக் கழற்றாமல் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார்.

சத்தம் திரையில் படமாகத் தெரியும். மலை, மலை, மலை, மலை. அப்புறம் ஒரு நேர்கோடு. நீளமாக. அப்புறம் ஓர் ஊசி மாதிரி குத்தி நிற்கிற சிகரம்.

“இன்னா நைனா இது?” என்றார்.

“என்னோட ஐட்டம் பாய். ஒரிஜினல் இவதான்.”

அவர் நேர்கோட்டின் மேல் விரலை வைத்தார். ஓரத்தில் செகண்ட் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. “இங்க கொயந்த மூச்சே உடல. ரூம் சத்தம் மட்டுந்தான் கீது. ஏசி கேக்குது, டியூப்லைட்டு கேக்குது, உன் பொண்ணு கேக்கல. அரை மணி நேரத்துல ஏயு வாட்டி.”

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வம்சமே அப்படித்தான் பாய் என்றேன். அவர் பதிவை அழிக்காமல் என் போனுக்கு அனுப்பினார். டாக்டரிடம் காட்டு என்று மட்டும் சொன்னார். எந்த டாக்டரிடம் குறட்டையைக் காட்டுவது? சரி, பல்லுக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது, அது முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாயை மூடு

திரும்பவும் கிளினிக். பதினொண்ணு என்று எழுதிய இடம்.

போனில் சலீம் பாய் அனுப்பியது இருப்பது நினைவுக்கு வந்தது. போட்டுக் காட்டினேன். டாக்டரம்மா மறுபடி வாட்ச்சைப் பார்த்தார். அதிலும் பத்து, பதினொண்ணு என்றுதான் வந்தது. இரண்டு வருடமாக அவ்வளவு துல்லியமாகச் செய்திருக்கிறேன். காது இருந்திருக்கிறது. கேட்டதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அவர் வரிசையாகக் கேட்டார். காலையில் தலைவலிக்கிறதா? தலைவலிக்கும், ஸ்கூலுக்குப் போக அடம் என்று நினைத்தோம். பகலில் தூங்குகிறாளா? கவனம் போதவில்லை என்று டீச்சர் இரண்டு முறை டைரியில் எழுதி அனுப்பியிருந்தார். உதடு ஏன் இப்படிக் காய்ந்திருக்கிறது? எப்போதும் வாயைத் திறந்தே வைத்திருப்பாள்.

“வாயை மூடு, வாயை மூடுன்னு சொல்லிக்கிட்டேதான் இருக்கோம் டாக்டர்” என்றாள் கல்பனா.

டாக்டரம்மா அபி பக்கம் திரும்பினார். “மூடினா எப்படிம்மா இருக்கு?”

“மூடினா எப்படி மூச்சு விடறது?” என்றாள் அபி.

இதே கேள்வியை அவள் எங்களிடமும் கேட்டிருக்கிறாள். எதிர்த்துப் பேசுகிறாள் என்று கல்பனா கோபப்பட்டாள். நல்ல பஞ்ச் என்று நான் சிரித்தேன். அது கேள்வி என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மா ஒரு சின்னக் கண்ணாடியை அபியின் வாய்க்குள் வைத்து, அதில் மேல் அண்ணத்தை எங்களுக்குக் காட்டினார். குறுகலாக, கோபுரத்தின் உள்பக்கம் மாதிரி உயரமாக ஏறியிருந்தது.

“வாயோட கூரைதான் மூக்கோட தரை. ஃப்ளாட்ல கீழ் வீட்டு சீலிங், மேல் வீட்டு ஃப்ளோர் இல்லையா, அந்த மாதிரி. இங்க குறுகலா இருந்தா அங்கயும் குறுகல். நாக்குக்கும் இடம் இல்ல, அது பின்னால போயி வழியை அடைக்கும்.”

இதை அகலப்படுத்த முடியும் என்றார். இந்த வயதில் அண்ணத்தின் நடு எலும்பு இன்னும் முழுசாக ஒட்டியிருக்காது. ஒரு கருவி பொருத்தி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் விரியும். பல்லுக்கும் இடம் கிடைக்கும், மூச்சுக்கும் வழி கிடைக்கலாம்.

“கிடைக்கலாம்னுதான் சொல்றேன். குறட்டை நின்னே தீரும்னு நான் சொல்ல மாட்டேன். எல்லாக் குழந்தைக்கும் இது சரிப்படாது. முதல்ல காது மூக்கு தொண்டை டாக்டர் பார்க்கணும், தூக்கத்தை டெஸ்ட் பண்ணணும். அவங்க சொன்ன பிறகுதான் நான் கை வைப்பேன்.”

சொந்தக் கடைச் சரக்கைப் பற்றி இப்படிப் பேசுகிற ஆளைக் கோவிந்து மாமா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

செல்ஃப் எடுக்குமா

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். அபி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். என் வாய் பேசாமல் இருந்தால் கல்பனா வழக்கமாக நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அன்றைக்குப் பார்க்கவில்லை.

மந்தைவெளி சிக்னலில் அபி கேட்டாள். “அப்பா, மூச்சு நின்னா அப்புறம் யாரு ஸ்டார்ட் பண்ணுவாங்க?”

முன்னாலிருந்து ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

“அது இன்னா பாப்பா, என் வண்டியா, தள்ளிவுடறதுக்கு? தானா செல்ஃப் எட்த்துக்கும்” என்றார்.

அபி முன்னால் சாய்ந்தாள். “எடுக்கலைன்னா?”

பச்சை விழுந்தது. ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பினார். அவருடைய வண்டி முதல் தடவையில் கிளம்பவில்லை. இரண்டாவது தடவை கிளம்பியது. அபி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கும்போது மெதுவாகச் சொன்னாள். “அப்பா, அந்த ஐட்டம் இனிமே பண்ணாதீங்க.”

சரி என்றேன். இரண்டு வருடத்தில் ஒரு நூறு தடவையாவது போட்டிருப்பேன். நிறுத்து என்று ஒரு தடவை சொல்ல அவளுக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

சாவி

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்குக்குப் பின்னால் இருக்கிற சதை லேசாக வீங்கியிருக்கிறது என்றார். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், மூக்கில் அடிக்கிற மருந்து போதும் என்றார். தூக்கப் பரிசோதனைக்கு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்தோம். அபியின் தலை, மார்பு, விரல் எங்கும் வயர். அவள் தூங்கினாள். பக்கத்து நாற்காலியில் நானும் தூங்கிவிட்டேன். காலையில் நர்ஸ், “உங்க குறட்டையால குழந்தையோடதை அளக்கறதே கஷ்டமாப் போச்சு சார், நீங்களும் ஒரு நாள் வந்து படுங்க” என்றார். வம்ச விருதுகளில் அதுவும் ஒன்று.

ரிசல்ட் வந்தது. மூச்சு நிற்பது நிஜம்தான். மோசமான அளவு இல்லை, விட்டுவிடக்கூடிய அளவும் இல்லை. மருந்தோடு அண்ணத்தை விரிப்பதையும் செய்து பார்க்கலாம் என்று இரண்டு டாக்டரும் பேசி முடிவு செய்தார்கள்.

கருவி என்றதும் நான் பெரிதாக என்னவோ கற்பனை செய்திருந்தேன். கட்டை விரல் அளவுதான். பின்பற்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, அண்ணத்துக்குக் குறுக்கே ஒரு குட்டித் திருகு. அதில் ஒரு ஓட்டை. கூடவே கம்பியில் செய்த ஒரு சாவி. ஓட்டையில் சாவியை வைத்து, முன்னாலிருந்து தொண்டைப் பக்கமாக ஒரே ஒரு தள்ளு. ஒரு நாளைக்கு ஒரு தடவை. அவ்வளவுதான்.

“அப்பாதான் சாவி கொடுக்கணும்” என்றாள் அபி.

நான் பயந்தேன். டப்பிங் தியேட்டரில் நூறு தடவை செத்தவன், பெண்ணின் வாய்க்குள் ஒரு கம்பியை வைப்பதற்கு முன்னால் இரண்டு தடவை கை கழுவினேன். முதல் நாள் கல்பனா டார்ச் பிடித்தாள். சாவி ஓட்டையில் நிற்கவில்லை. மூன்றாவது தடவை நின்றது. தள்ளினேன். அபியின் கண்ணில் தண்ணீர் வந்தது. வலிக்கிறதா என்றேன். வலி இல்லை, மூக்கு மேலே யாரோ அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். தினசரி காலண்டரில் அன்றைய தாளில் ஒரு சாவி படம் வரைந்து வைத்தாள். மறதிக்காரன் கையில் தொழிலைக் கொடுத்தால் இப்படி ஏற்பாடு செய்துகொள்ளத்தான் வேண்டும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் படத்தைப் பார்ப்போம்.

முறுக்கு நின்றது. சீடை நின்றது. முதல் வாரம் ‘ச’ எல்லாம் ‘ஷ’ ஆனது. “ஷாம்பார் ஷாதம்” என்றாள். அதைத் திருப்பிச் சொல்லிக் காட்ட என் வாய் தன்பாட்டில் திறந்தது. மூடிக்கொண்டேன். மூக்கால் மூச்சு விட்டேன். நானும் பழக வேண்டியிருந்தது.

இரண்டு இடைவெளிகள்

பத்து நாள் போயிருக்கும். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்த அபி சிரித்தாள். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. தீக்குச்சி போகிற அளவு.

கிளினிக்குக்கு போன் போட்டேன். நான் ஏதோ தவறாகத் திருகிவிட்டேன், பல் பிரிந்துவிட்டது, என்ன செய்வது என்று பதறினேன். டாக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தது அன்றைக்குத்தான். என் மிகச் சிறந்த ஐட்டத்துக்குச் சிரிக்காதவர், என் பயத்துக்குச் சிரித்தார்.

“அதுதான் சார் வேணும். எலும்பு விரியுதுன்னு அர்த்தம். போகப் போக அதுவே மூடிக்கும்.”

பெரியப்பா பெண்கள் பார்த்தால் கிண்டல் செய்வார்களே என்று நான் கவலைப்பட்டேன். அபிக்கு அந்தக் கவலை இல்லை. அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் பீய்ச்ச முடியும் என்று கண்டுபிடித்திருந்தாள். ஸ்கூலில் அவள் பெயர் பரவியது. எங்கள் குடும்பத்தின் அடுத்த ஐட்டம் அது, அதை அவளே போட்டாள், அவள் விருப்பப்பட்ட இடத்தில்.

திருகுவது சில வாரத்தில் முடிந்தது. எலும்பு கெட்டிப்பட வேண்டும் என்று கருவி மட்டும் பல மாதம் வாயிலேயே இருந்தது. மூக்கு மருந்தும் தொடர்ந்தது. நடுவில் என்ன நடந்தது என்று என்னால் தேதி போட்டுச் சொல்ல முடியாது. ஒருநாள் டீச்சர் டைரியில் எதுவும் எழுதவில்லை. ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தவள் சோபாவில் சுருளாமல் நேராக விளையாடப் போனாள். ஒரு காலையில் அவள் உதடு மூடியிருப்பதைக் கல்பனா வந்து என்னைத் தட்டிக் காட்டினாள். திருடன் பூட்டைப் பார்க்கிற மாதிரி இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

மறுபடி தூக்கப் பரிசோதனை. இந்தத் தடவை என்னை உள்ளே விடவில்லை. ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர், மூச்சு நிற்பது கிட்டத்தட்ட இல்லை, ஆனாலும் வளர்கிற பிள்ளை, அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அந்தக் ‘கிட்டத்தட்ட’ எனக்குப் பிடிக்கவில்லை. காகிதத்தை நம்பவும் முடியவில்லை. அவள் பகலில் எங்கே கண்ணயர்ந்தாலும் பக்கத்தில் போய் நின்று எண்ணுகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

எனக்கும் இந்தச் சாவி போட முடியுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். உங்கள் வயதில் எலும்பு ஒட்டி ரொம்ப நாளாகிவிட்டது, முதலில் டெஸ்ட், பிறகு தொப்பை என்றார். தொப்பையைப் பற்றி அடுத்து ஒரு டாக்டர் சொல்வதற்கு முன்னால் நானே தனியாக எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

சத்தமே காணோம்

சமீபத்தில் என் தங்கை ஃப்ளாட் வாங்கி கிரகப்பிரவேசம் வைத்தாள். திருவான்மியூரில்தான், கடிதம் எழுதிய வாசகர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளிக்கூட இருக்கலாம். விடியற்காலை ஹோமத்துக்கு எழுந்த கூட்டம் மதியம் சாப்பிட்டு முடித்ததும் கால் நீட்டியது. பந்தியில் வெண்டைக்காய்ப் பொரியல் இருந்தது. வாசகர் குறித்துக்கொள்ளவும்.

அபி, அடையாறு பெண்களோடு உள் அறையில் புதுப் பாயில் படுத்துத் தூங்கிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி அவர்களோடு அங்கேயே தங்கப் போகிறேன் என்று காலையிலேயே அறிவித்திருந்தாள்.

கூடத்தில் கோவிந்து மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தார். “பாலு, அந்த அபி ஐட்டம் போடுடா. புது வீடு, ஒரு கலகலப்பு வேணாமா?”

அந்த ஐட்டத்தை நிறுத்திவிட்டேன் என்றேன். ஏன் என்றார். ஒரிஜினல் இப்போது கிடைப்பதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. “என்கிட்டயே புருடாவா?” என்று எழுந்து உள் அறை வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

மூன்று பெண்களும் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அபி ஓரத்தில், ஒருக்களித்து. வாய் மூடியிருந்தது. மேலே புது ஃபேன் சுற்றியது. சலீம் பாய் சொல்வாரே, ஆள் இல்லாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டென்று. அது கேட்டது. அபியின் சத்தம் கேட்கவில்லை.

பழக்கதோஷம். எண்ண ஆரம்பித்தேன். ஒண்ணு. ரெண்டு. வயிற்றின் மேல் அவள் கை இருந்தது. மூணு சொல்வதற்குள் அந்தக் கை லேசாக ஏறி, இறங்கியது. மறுபடி ஏறியது. எண்ணுகிற அளவுக்கு அது எனக்கு இடமே கொடுக்கவில்லை.

மாமா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. புடவை விரிக்கிற இரண்டு கையையும் விரித்தார், இந்தத் தடவை வருத்தமாக.

“பாவம்டா, புது இடம். குழந்தை சரியாவே தூங்கலை போலிருக்கு. சத்தமே காணோமே.”

“ஆமா மாமா” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.